திமிங்கலப் பாட்டுக்கு நோட்ஸ் எடுத்த கதை

கடலுக்குள் போட்ட மைக் வழியாகக் கூன்முதுகுத் திமிங்கலம் பாடுவதைக் கேட்டு, ஒரு முழுப் பாட்டையாவது நோட்டில் எழுதிவிட வேண்டும் என்று அக்டோபர் தொடக்கத்தில் ஆரம்பித்தேன். இரண்டரை மாதம் ஆகிறது. முழுப் பாட்டு இன்னும் சிக்கவில்லை. சிக்கிய வரைக்கும் எழுதி வைக்கிறேன்.

அந்த மைக்குக்கு ஹைட்ரோஃபோன் என்று பெயர். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்துக்கும் கனடாவுக்கும் நடுவே ஹேரோ நீரிணை இருக்கிறது. அங்கே சான் ஹுவான் தீவின் கரையோரமாக ஹைட்ரோஃபோன்களைப் போட்டு, அவற்றில் விழும் சத்தத்தை ஆர்க்காசவுண்ட் என்ற அமைப்பு இணையத்தில் நேரலையாக விடுகிறது. யார் வேண்டுமானாலும் கேட்கலாம். கோடை முழுக்க அந்தக் குளிர்ந்த கடலில் சின்ன மீன்களையும் கிரில் என்ற இறால் போன்ற சிற்றுயிரையும் தின்று கொழுக்கும் கூன்முதுகுகள், குளிர்காலத்தில் இணை சேரவும் குட்டி போடவும் ஹவாய், மெக்சிகோ பக்கம் போய்விடும். பாடுவது ஆண்கள் மட்டும். கச்சேரியெல்லாம் அந்த வெதுவெதுப்பான தெற்கில்தான் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. கிளம்புவதற்கு முன்பே, இலையுதிர்காலத்திலேயே வடக்கில் பாட ஆரம்பித்துவிடுகின்றன. ஐஸ்லாந்தின் வடக்கே ஸ்கியால்ஃபாண்டி விரிகுடாவில் நடுக் குளிர்காலத்தில்கூடப் பாட்டு பதிவாகியிருக்கிறது.

சரி, எனக்கு முதல் ஒன்பது நாள் என்ன கேட்டது என்றால், கப்பல். வான்கூவர் துறைமுகத்துக்குப் போகும் சரக்குக் கப்பல்களுக்கு அதுதான் வழி. தாழ்ந்த ஒலியைக் கடல்நீர் அவ்வளவாக உறிஞ்சாது என்பதால் எங்கேயோ தொலைவில் வரும் கப்பல்கூடப் பக்கத்து அறையில் மாவு மெஷின் ஓடுவதுபோல் இரைகிறது. ஒன்று போனால் அடுத்தது.

பத்தாம் நாள் ஒரு கீச்சுச் சத்தம். துள்ளிக் குதித்து, தேதி நேரமெல்லாம் எழுதி, அடிக்கோடும் போட்டேன். மறுநாள் மற்ற பதிவுகளோடு ஒப்பிட்டால் அது ஓர்க்கா, அதாவது கருப்பு வெள்ளையாக இருக்கும் கொலைகாரத் திமிங்கலம். ஒன்றின் குரல் முடிவதற்குள் இன்னொன்று நுழைகிறது, மூன்று நான்கு குரல் ஒன்றன்மேல் ஒன்று. கூன்முதுகு பெரும்பாலும் தனியாளாகப் பாடும், அவசரமே இல்லாமல். இது எனக்கு அப்போது தெரியாது. அடிக்கோட்டை அழித்தேன்.

அப்புறம்தான் இன்னொரு முட்டாள்தனம் புரிந்தது. லேப்டாப் ஸ்பீக்கரில் கேட்டுக்கொண்டிருந்தேன். கூன்முதுகின் முனகல்களில் பல 100 ஹெர்ட்ஸுக்கும் கீழே போகின்றன. அந்தக் குட்டி ஸ்பீக்கரால் அவற்றை ஒலிக்கவே முடியாது. பாட்டில் பாதி என் காதுக்கு வராமலே போயிருக்கும். காதை முழுக்க மூடும் ஹெட்போன் போட்ட பிறகு தரைமட்டத்துக்குக் கீழே ஒரு மாடி இருப்பது தெரிந்ததுபோல் இருந்தது.

நேரலையை நிறுத்திவிட்டு, ஹவாயில் குளிர்காலத்தில் எடுத்த தெளிவான பதிவு ஒன்றை வைத்துப் பழகினேன். முதலிலேயே செய்திருக்க வேண்டியது. திமிங்கலப் பாட்டை ஆராய்ந்த ரோஜர் பெய்னும் ஸ்காட் மெக்வேயும் 1971-இல் சயின்ஸ் இதழில் எழுதிய கட்டுரைதான் இதற்கு அரிச்சுவடி. இடைவெளியில்லாத ஓர் ஒலி ஒரு துண்டு. சில துண்டுகள் சேர்ந்தால் ஒரு சொற்றொடர். ஒரே சொற்றொடர் திரும்பத் திரும்ப வந்தால் அது ஒரு தீம். தீம்கள் ஏறக்குறைய மாறாத வரிசையில் வந்து முடிந்தால் ஒரு பாட்டு. பத்து, இருபது நிமிடம் ஓடும். முடிந்ததும் திரும்ப முதலிலிருந்து, சில சமயம் மணிக்கணக்கில்.

எழுதுவதற்குத் தமிழ் எழுத்தே போதும் என்று தோன்றியது. முனகலுக்கு ‘ம்ம்ஊ’, கீச்சுக்கு ‘ஈஇஇ’. பள்ளியில் படித்த அளபெடை இத்தனை வருடம் கழித்து ஒரு வேலைக்கு வந்தது: நீள நீள எழுத்தைக் கூட்டிக்கொண்டே போகலாம். சுருதி ஏறுவதையும் இறங்குவதையும் எழுத்தால் காட்ட முடியவில்லை, அம்புக்குறி போட்டேன். நான் சொல்லிப் பார்த்து எழுதுவதைக் கேட்ட அக்கா, “கதவுக்கு எண்ணெய் போட்டாச்சா?” என்று கேட்டுவிட்டுப் போனாள்.

காது ஏமாற்றும் இடங்களுக்கு ஆடாசிட்டி என்ற ஒலி மென்பொருளில் ஸ்பெக்ட்ரோகிராம். அதாவது ஒலியைப் படமாக வரைவது, கிடைமட்டத்தில் நேரம், செங்குத்தில் ஹெர்ட்ஸ். நான் திறந்தபோது 20000 ஹெர்ட்ஸ் வரை காட்டியது. பாட்டு முழுக்க அடியில் ஒரு கறையாகக் கிடந்தது. உச்சத்தை 3000 ஆக்கியதும் கோடுகள் விரிந்தன. இதில் இரண்டு வாரம் வீணானது விண்டோ அளவு என்ற ஒரு செட்டிங்கால், அதாவது ஒலியின் எத்தனை மாதிரிகளை (sample) ஒரே தடவையில் எடுத்துக் கணக்கிடுவது என்பது. 4096 வைத்தால் சுருதி துல்லியமாகத் தெரியும், ஆனால் ஒவ்வொரு முறையும் கிட்டத்தட்ட 0.09 நொடியை மொத்தமாக அள்ளிக் கணக்குப் போடும். கூன்முதுகு ‘ர்ர்ர்ர்’ என்று உறுமும்போது நொடிக்கு முப்பது தட்டு இருந்தால், மூன்று தட்டுகள் ஒரே அள்ளலில் விழுந்து, படத்தில் அடுக்கடுக்கான கிடைக்கோடுகளாகிவிடும். பார்த்தால் இசைக்குரல் மாதிரி இருக்கும். அதையே 512-இல் வைத்தால் சீப்புப் பல்போல் செங்குத்துக் கோடுகள். ஒரே உறுமலை வெவ்வேறு நாளில் வெவ்வேறு அளவில் பார்த்து, இரண்டு தனித்தனி ஒலி என்று இரண்டு பெயர் வைத்திருந்தேன். ஹவாய் நோட்டை மொத்தமாகத் திருப்பி எழுத வேண்டியதாயிற்று. இப்போது ஒவ்வொரு துண்டையும் இரண்டு அளவிலும் பார்க்காமல் பெயர் வைப்பதில்லை.

நவம்பர் கடைசியில் ஹேரோ பக்கமே திரும்பி வந்தேன். ஒரு நாள் நாற்பது நிமிடப் பதிவு அமைந்தது. தூரத்துக் குரல்தான், ஆனால் ஒற்றைக் குரல். தனித்தனி ஒலியைக் கேட்டு இது பாட்டா, வெறும் கூப்பாடா என்று என்னால் சொல்ல முடிந்திருக்காது. வடக்கில் பாட்டில்லாமல் சும்மா ‘வுப்’ என்று கூப்பிடுவதும் உண்டு. வரிசைதான் காட்டிக்கொடுத்தது. ஏறும் முனகல் இரண்டு, அப்புறம் இறங்கும் கீச்சு: இதற்கு ‘க’ என்று பெயர் வைத்தேன். ‘க’ ஏழு முறை. அடுத்து உறுமலில் தொடங்கும் ‘ச’ ஐந்து முறை. பிறகு ‘ட’, இரண்டே முறை. அதன்பின் ஒரு சரக்குக் கப்பல் கடந்தது. ஸ்பெக்ட்ரோகிராமில் அது கிண்ணம் கிண்ணமாக வளைந்த பட்டைகளாக விழும், நேராக வரும் ஒலியும் நீர்ப்பரப்பில் பட்டுத் திரும்பும் ஒலியும் மோதுவதால். ஆறு நிமிடம் அந்தக் கிண்ணங்கள் மட்டும்தான். அவை மெலிந்தபோது மறுபடியும் ‘க’.

ஹவாய் நோட்டோடு இதை ஒட்டிப் பார்க்க ஆசைதான். பிரயோசனமில்லை. ஒரு கூட்டத்து ஆண்கள் எல்லாம் ஒரு சமயத்தில் ஏறக்குறைய ஒரே பாட்டைத்தான் பாடுகின்றன, ஆனால் அந்தப் பாட்டே வருடத்துக்கு வருடம் மாறிக்கொண்டு போகிறது. என்னிடம் இருக்கும் ஹவாய்ப் பதிவு பல வருடம் பழசு.

ஆகவே இப்போது கையில் இருப்பது க, ச, ட, ஒரு பெரிய கேள்விக்குறி, மறுபடி க. அந்த ஆறு நிமிடத்தில் திமிங்கலம் வாயை மூடிக்கொண்டதா, அல்லது பாடிக்கொண்டே இருந்து கப்பல் இரைச்சலில் மூழ்கிப்போனதா என்பது தெரிய வேண்டும். கப்பல் இரைச்சல் கனமாக இருப்பது 300 ஹெர்ட்ஸுக்குக் கீழேதான். அதை வடிகட்டி எடுத்துவிட்டு, கீச்சு ஏதாவது மிச்சமிருக்கிறதா என்று இந்த வாரம் பார்க்கப் போகிறேன். முதல் இரண்டு நிமிடம் பார்த்தாயிற்று. ஓரிடத்தில் மங்கலாக ஒரு கோடு இறங்குகிறது. ‘ட’வின் கடைசித் துண்டாக இருக்கலாம், இன்னும் பெயர் வைக்கவில்லை.