மரம் சாய்ந்த இடத்தில் என்ன பூக்கிறது

ஏற்காட்டில் காற்றுக்கு ஒரு பெரிய மரம் சாய்ந்தால் "ஐயோ காடு போச்சே" என்று படம் போடுகிறவர்கள், நாலு மழை பெய்த பிறகு அதே இடத்தை எட்டிப் பார்ப்பதில்லை. எனக்கு அந்த வெட்டவெளிதான் பிடிக்கும்.

அடர்ந்த சோலைக்குள் தரைக்கு வந்து சேருவது மேலே விழும் வெயிலில் நூற்றில் ஒன்றிரண்டு பங்குதான், அதுவும் சிவப்பொளியை இலைகள் உறிஞ்சிக்கொண்ட மிச்சம். மண்ணில் கிடக்கும் பல விதைகளில் ஃபைட்டோகுரோம் என்றொரு நிறமி இருக்கிறது. தலைக்கு மேல் இலை மூடியிருக்கிறதா இல்லையா என்பதை அது இந்த ஒளி வித்தியாசத்தை வைத்தே கண்டுபிடித்துவிடும். மரம் விழுந்ததும் சிவப்பொளி நேராக இறங்கும், பகலில் மண் சுடும், இரவில் குளிரும். விதைக்கு அவ்வளவு சேதி போதும்.

செங்காந்தளின் வழி வேறு. நம்மூரில் கண்வலிக்கிழங்கு என்போமே, அதேதான். மண்ணுக்கடியில் கிழங்கு பத்திரமாக இருக்கும், மேலே தீ ஓடினாலும் மழைக்குத் துளிர்த்துவிடும். இலை நுனியே நீண்டு சுருண்டு பற்றுக்கம்பியாக மாறுவதால், விழுந்த மரத்தின் காய்ந்த சுள்ளிகளைப் பிடித்துக்கொண்டே ஏறி அதன்மேலேயே பூக்கும்.

எல்லாப் பூவுக்கும் இது கொண்டாட்டமில்லை. கிளைகளில் ஒட்டி வாழும் ஆர்க்கிட்கள் மரத்தோடு தரைக்கு வந்துவிடும். நனைந்தால் பச்சை காட்டுகிற வேர்கள், சுள்ளென்ற வெயிலில் வெள்ளையாகவே நின்று சுருங்கிப்போகும்.

மண்சரிவு இன்னொரு கதை. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் சரிந்தது வெறும் மண் இல்லை, மேல்மண்ணோடு அதில் காத்துக்கிடந்த விதையும் சேர்ந்துதான். அப்புறம் அங்கே காற்றும் பறவையும் கொண்டுவருவதுதான் முளைக்கும், பறவை கொண்டுவருவது பெரும்பாலும் உண்ணிச்செடி. அழகுக்கென்று அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்த செடி, புதராகிவிட்டால் கீழே வேறெதையும் லேசில் தலைகாட்ட விடாது.

அதனால்தான் சாய்ந்த மரத்தை எடுக்கிறேன் என்று பொக்லைனை இறக்கி ஓரத்து மண்ணையும் சேர்த்து வழிப்பதைப் பார்த்தால் எரிச்சல் வருகிறது. ரோட்டை மறித்த மரத்தை அறுத்து எடுங்கள், சரி. காட்டுக்குள் கிடக்கிற பாதியை அப்படியே விட்டால் என்ன?