‘இல்லை’ என்று சொன்ன பிழைச்செய்தி: நாட்குறிப்பு

மார்ச் 3, செவ்வாய்

எங்கள் காப்புக் கருவியைப் பயன்படுத்தும் ஒருவர் எழுதிய கடிதத்தை மறுபடியும் படித்தேன். “இல்லை என்றுதானே சொன்னது” என்ற வரியைத் தாண்டிப் போக முடியவில்லை. மீட்புக் கட்டளையை அவர் இரண்டு முறை கொடுத்திருக்கிறார். இரண்டு முறையும் எங்கள் கருவி காப்புக் கோப்பின் பெயரைச் சொல்லி, அப்படி ஒரு கோப்போ அடைவோ (ஃபோல்டரோ) இல்லை என்று பதிலளித்திருக்கிறது. கோப்பு அழிந்துவிட்டதாக நம்பி அவர் வட்டையே ஃபார்மேட் செய்துவிட்டார். அதற்கு முன் எடுத்து வைத்திருந்த அடைவுப் பட்டியலைக் கடிதத்தோடு அனுப்பியிருக்கிறார். அதில் அந்தக் கோப்பு இருக்கிறது. உரிமையாளர் பெயர் மட்டும் வேறு.

மார்ச் 4, புதன்

காரணத்தைக் கண்டுபிடிக்க ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை என்பதுதான் வெட்கமாக இருக்கிறது. கருவி முதலில் புதிய பெயரில் கோப்பைத் திறக்கப் பார்க்கிறது. முடியாவிட்டால், பழைய பதிப்புகள் சேர்த்த பின்னொட்டோடு இன்னொரு பெயரில் தேடுகிறது. முதல் முயற்சி தோற்றபோது கடைசித் தோல்வியின் காரணத்தை எண்ணாக வைத்திருக்கும் எர்னோ என்ற மாறியில் 13 என்ற எண் வந்து உட்கார்ந்தது. லினக்ஸில் அதற்கு அனுமதி மறுக்கப்பட்டது என்று பொருள். இரண்டாவது பெயரில் உண்மையாகவே கோப்பு கிடையாது. ஆகவே அதே மாறியில், கோப்பு இல்லை என்று பொருள்படும் 2 எழுதப்பட்டு, 13 அழிந்தது. அச்சிடும் வரியோ முதல் முயற்சியின் பெயரையும் இரண்டாவது முயற்சியின் காரணத்தையும் சேர்த்து ஒரே வாக்கியமாக்கிவிட்டது. தனித்தனியே பார்த்தால் பெயரும் சரி, காரணமும் சரி. அவை ஒன்றுக்கொன்று உரியவை அல்ல.

அந்த வரியை 2019-இல் எழுதியவன் நான்தான்.

மார்ச் 5, வியாழன்

தூக்கம் வரவில்லை. 13, பிறகு 2.

மார்ச் 6, வெள்ளி

தோற்ற கையோடு எண்ணை வேறொரு மாறியில் எடுத்து வைப்பது ஒரே வரி வேலை. அதை முடித்த பிறகுதான் உண்மையான கேள்வி தொடங்கியது: இரண்டு முயற்சிகளும் இரண்டு காரணங்களுக்காகத் தோற்றிருந்தால், பயனரிடம் எதைச் சொல்வது? மாலைவரை யோசித்து இப்படி முடிவு செய்தேன். முதல் தோல்விக்கு 2 அல்லாத எந்த எண் வந்தாலும் இரண்டாவது பெயரைத் தேடவே கூடாது. அங்கேயே நின்று, அந்தக் காரணத்தைச் சொல்லிவிட வேண்டும். இரண்டுமே 2 என்றால் மட்டும், தேடிய இரு பெயர்களையும் முழுப் பாதையோடு காட்டி, எங்கும் கிடைக்கவில்லை என்று சொல்லலாம்.

இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. கோப்பு இருக்கும் அடைவுக்குள் நுழையவே அனுமதி இல்லாவிட்டால், உள்ளே கோப்பு இருந்தாலும் இல்லாவிட்டாலும் 13-தான் வரும். அந்த நிலையில் கோப்பு இருக்கிறது என்று சொல்லக்கூட நமக்கு உரிமை இல்லை. “பார்க்க முடியவில்லை” என்பது ஒன்று, “இல்லை” என்பது வேறொன்று. வீட்டுக் கதவு பூட்டியிருந்தால், ஆள் செத்துவிட்டார் என்றா ஊருக்குச் சொல்வோம்?

மார்ச் 7, சனி

சோதனை எழுதினேன். கோப்பின் எல்லா அனுமதிகளையும் பறித்துவிட்டு மீட்புக் கட்டளையைக் கொடுக்க வேண்டும். 13-க்கு உரிய செய்தி வர வேண்டும். என் கணினியில் வந்தது. தானியங்கிச் சோதனை நடக்கும் கன்டெய்னர் என்ற தனிச் சூழலிலோ கோப்பு சாவதானமாகத் திறந்துகொண்டது, மீட்பும் வெற்றி என்றது. அரை நாள் என் நிரலையே சந்தேகப்பட்ட பிறகுதான் புரிந்தது: அங்கே எல்லாம் ரூட் என்ற முழு அதிகாரப் பயனராக ஓடுகிறது, ரூட்டை இந்த அனுமதிகள் தடுப்பதில்லை. இத்தனை ஆண்டுகளாக எங்கள் சோதனைகளால் இந்த வழுவைப் பிடித்திருக்கவே முடியாது. சோதனையைச் சாதாரணப் பயனராக ஓடும்படி மாற்றினேன். செய்தி மொழிக்கு மொழி மாறும் என்பதால், ஒப்பிடும் முன் மொழி அமைப்பையும் நிலைப்படுத்தினேன்.

மார்ச் 9, திங்கள்

திருத்தங்களைச் சரிபார்ப்பவர் ஏற்க மறுக்கிறார். பழைய செய்தியின் சொற்களை க்ரெப் என்ற தேடல் கட்டளை கொண்டு தேடும் ஸ்கிரிப்ட்கள் பலரிடம் இருக்கும், வாசகத்தை மாற்றினால் அவை உடையும் என்கிறார். பொய்யை நம்பி எழுதிய ஸ்கிரிப்ட் உடையட்டுமே என்று பதில் எழுதி, அனுப்பாமல் அழித்தேன். அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. எல்லாத் தோல்விக்கும் வெளியேற்றக் குறியீடாக (நிரல் முடியும்போது விட்டுச்செல்லும் எண்ணாக) 1-ஐ மட்டுமே கொடுத்துவந்தோம். வேறுபடுத்தி அறிய வாசகத்தைத் தவிர அவர்களுக்கு நாங்கள் என்ன வைத்திருந்தோம்? அனுமதி மறுப்புக்குத் தனிக் குறியீடு தர ஒரு பேட்ச், அதாவது நிரல் திருத்தம், சேர்த்திருக்கிறேன். கட்டளைகளை ஓட்டும் ஷெல் தனக்கென்று பயன்படுத்தும் 126, 127 ஆகியவற்றையும், சிக்னலால் செத்த நிரல்களுக்கு உரிய 128-க்கு மேற்பட்டவற்றையும் தொடவில்லை.

மார்ச் 10, செவ்வாய்

இன்று சிரித்தேன், நாட்கள் கழித்து. வழுவைத் தேட நான் நடுவில் வைத்த பதிவு வரி, தன் வெளியீடு முனையத்துக்கு (கட்டளைத் திரைக்கு) போகிறதா என்று சோதித்துப் பார்க்கிறது. கோப்புக்குப் போனால் எர்னோவில் 25-ஐ எழுதிவிட்டு வருகிறது. தோற்ற கையோடு எண்ணை எடுத்து வைக்க மறந்த இன்னொரு இடத்தில், காப்புக் கோப்பைத் திறக்க முடியாததற்குக் காரணமாக அந்த 25 அச்சானது. பழைய யூனிக்ஸில் இந்த எண்ணுக்கு உரிய வாசகம் “தட்டச்சுப்பொறி அல்ல” என்பது. அந்த மனிதருக்கு இது வந்திருந்தால் குழம்பியிருப்பார். ஆனால் நம்பியிருக்க மாட்டார், வட்டு பிழைத்திருக்கும்.

மார்ச் 11, புதன்

அவரிடமிருந்து பதில் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதியது போய்ச் சேர்ந்ததா என்றும் தெரியவில்லை.

மார்ச் 12, வியாழன்

பேட்ச் இன்னும் காத்திருக்கிறது.

மார்ச் 14, சனி

வாசகத் திருத்தம் ஏற்கப்பட்டது. குறியீட்டு மாற்றம் அடுத்த பெரிய பதிப்புக்குத் தள்ளப்பட்டது. சரி.

காப்புகளைப் பட்டியலிடும் பகுதியை இரவு திறந்து பார்த்தேன், பார்க்காமலே இருந்திருக்கலாம். அடைவைப் படிக்கும் சார்பு (ஃபங்ஷன்), பெயர்கள் தீர்ந்தாலும் எதையும் சுட்டாத வெற்றுச் சுட்டியைத்தான் தருகிறது, நடுவில் பிழை நேர்ந்தாலும் அதையேதான் தருகிறது. வேறுபாடு எர்னோவில் மட்டும் இருக்கும், அதுவும் அழைக்கும் முன் நாமே அதை 0 ஆக்கியிருந்தால்தான் நம்பலாம். நாங்கள் ஆக்கவில்லை, அழைத்த பின் பார்க்கவும் இல்லை. ஆகவே முதல் பெயரிலேயே வட்டு தடுமாறினால், பிழைச்செய்தி ஒன்றுகூட இல்லாமல், “மொத்தம் 0 காப்புகள்” என்று அமைதியாகச் சொல்லிவிட்டு, வெற்றிக் குறியீட்டோடு வெளியேறுகிறோம்.

அவர் பட்டியல் கட்டளையையும் கொடுத்துப் பார்த்திருப்பாரா என்று கடிதத்தைத் திரும்ப எடுத்தேன். அதைப் பற்றி அவர் எதுவும் எழுதவில்லை.