துப்பாக்கியை மாட்டிவைத்த வீட்டில் மூன்று ராத்திரி

டாக்சிக்காரர் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், சொல்லாமல் மனசு ஆறாது. நாகாலாந்தின் தலைநகர் கோகிமாவிலிருந்து கோனோமா என்கிற மலைக் கிராமம் 20 கிலோமீட்டர்தான். நம்ம ஊரில் டவுன் பஸ் போகிற தூரம். அதற்கு 2,500 ரூபாய் கேட்டார். "ஷேர் வண்டி மத்தியானம்தான், அதுவும் ஆள் சேர்ந்தால்தான் கிளம்பும்" என்று பயமுறுத்தினார். நானும் நண்பனும் முக்கால் மணி நேரம் பேரம் பேசி 2,000 ரூபாய்க்கு இறக்கினோம். பாதி வழியில் வண்டியை ஓரம் கட்டி, ரோடு மோசம், இன்னும் 300 ரூபாய் கொடுங்கள் என்றார். வெளியே மழை. மடியில் இரண்டு பை. கொடுத்துவிட்டோம். ஹோம்ஸ்டே ஆன்ட்டி கதவைத் திறந்ததும் கேட்ட முதல் கேள்வி, "வண்டிக்கு எவ்வளவு கொடுத்தீங்க?" சொன்னோம். தலையில் கை வைத்துக்கொண்டார்கள். நம் அம்மாக்கள் வைக்கிற அதே மாதிரி.

ரோடு மோசம் என்று அவர் சொன்னது மட்டும் பொய்யில்லை. அதற்கு முந்தின நாள் திமாப்பூரிலிருந்து கோகிமாவுக்கு 74 கிலோமீட்டரைக் கடக்க ஐந்து மணி நேரம் ஆனது. மலையை வெட்டி ரோட்டை அகலப்படுத்துகிற இடத்தில் மண் சரிந்து கிடந்தது. சுமோவில் பத்துப் பேர். என் முட்டி முன்சீட்டில் இடித்து இடித்து மரத்தே போயிற்று. ரயிலில் குவாகாத்தி வரை வந்தது, அங்கிருந்து திமாப்பூர் வந்தது எல்லாம் சுகம். நாகாலாந்துக்குள் நுழைய நமக்கும் இன்னர் லைன் பர்மிட் வேண்டும். ஊரிலிருந்தே ஆன்லைனில் எடுத்துவிட்டோம், நீங்களும் அப்படியே எடுத்துவிடுங்கள்.

இனி, எதற்காக இவ்வளவு பாடு பட்டுப் போனோம் என்பதற்கு வருகிறேன்.

கோனோமா அங்காமி நாகர்களின் ஊர். 1879இல் ஆங்கிலேயரை எதிர்த்து மாதக்கணக்கில் நின்ற ஊர். போரில் எப்படியோ, வேட்டையிலும் அப்படித்தான். குளிர்காலம் வந்தால் ஆண்கள் கூட்டமாகக் காட்டுக்குப் போவார்கள். எத்தனை அடித்தான் என்பதுதான் ஒருவனுக்குப் பெருமை. 1993இல் நடந்த ஒரு வேட்டைப் போட்டியில் ஒரே வாரத்தில் சுமார் 300 டிராகோபன் பறவைகளைக் கொன்றதாக இன்றும் சொல்கிறார்கள். டிராகோபன் என்பது காட்டுக்கோழிக் குடும்பம். ஆண் பறவைக்குத் தலையும் கழுத்தும் நெருப்புச் சிவப்பு, முகத்தில் மஞ்சள் தோல், வயிறு புகை நிறம். இங்கே இருப்பது பிளைத் டிராகோபன், நாகாலாந்தின் மாநிலப் பறவையே அதுதான். அந்த எண்ணிக்கை ஊருக்குள்ளேயே சிலரை உலுக்கிவிட்டது. ட்சிலி சக்ரி போன்ற பெரியவர்கள் வீடு வீடாகப் பேசினார்கள். பாட்டன் காலத்து உரிமையை விடச் சொல்கிறாயா என்று வேட்டைக்காரர்கள் சண்டைக்கு நின்றார்கள். பல வருடம் இழுத்து, 1998இல் ஊர் மன்றமே சுமார் 20 சதுர கிலோமீட்டர் காட்டை டிராகோபன் சரணாலயமாக அறிவித்தது. பிறகு ஊர் எல்லை முழுக்க வேட்டைக்குத் தடை. அரசாங்கம் வந்து போட்ட சட்டம் இல்லை, ஊர்க்காரர்கள் தங்களுக்குத் தாங்களே போட்டுக்கொண்டது. இதை அழுத்திச் சொல்ல வேண்டும் என்று தோன்றுகிறது.

நாங்கள் தங்கிய வீட்டு அங்கிள் அப்படிச் சண்டைக்கு நின்ற வேட்டைக்காரர்களில் ஒருவர். எழுபதைத் தாண்டியவர். எங்களிடம் நாகாலாந்தின் பொதுப் பேச்சுமொழியான நாகாமீஸில் பேசுவார், மகள் ஆங்கிலத்தில் சொல்லுவார். அடுப்படிச் சுவரில் அவருடைய பழைய ஒற்றைக்குழல் துப்பாக்கி மாட்டியிருக்கிறது, குழல் முழுக்கப் புகைக்கரி. வாசலில் மிதுன் என்கிற மலைமாட்டின் மண்டையோடு ஒன்று, நாலைந்து மான் கொம்புகள். எடுத்துவிடச் சொல்லி யாரும் கேட்கவில்லையா என்றேன். "அது நான்தானே, எதுக்கு எடுக்கணும்" என்றார்.

வீட்டின் பக்கச் சுவர் நெடுக விறகு அடுக்கியிருக்கிறார்கள். கோனோமாவில் எல்லா வீட்டிலும் இந்த அடுக்கு உண்டு, செங்கல் வைத்த மாதிரி அவ்வளவு நேர்த்தி. இந்த வீட்டில் மட்டும் அடுக்கு ஒரு மூலையில் உயர்ந்தும் மற்ற இடமெல்லாம் தணிந்தும் கோணலாக இருந்தது. முதல் நாள் சாயங்காலம் நான் அதன் பக்கத்தில் பையை இறக்கப் போனேன், அங்கிள் வேகமாக வந்து என் முழங்கையைப் பிடித்தார். விரலை உதட்டில் வைத்துக்கொண்டு மேலே காட்டினார். உயரமான மூலைக்கும் கூரைத் தகரத்துக்கும் நடுவில் பாசியும் வேரும் வைத்துக் கட்டிய கிண்ணம் மாதிரி ஒரு கூடு. அதற்குள் கருநீல முதுகு. நம் வால்பாறைப் பக்கம் விடியற்காலையில் மனுஷன் மாதிரி விசிலடிக்குமே சீகாரப் பூங்குருவி, அதற்கு ஒன்றுவிட்ட தம்பி இது. இமயமலைப் பக்கத்து நீலப் பூங்குருவி. மூன்றாவது வருடமாக அதே மூலைக்கு வருகிறதாம். அதனால் அந்த மூலை விறகை எடுக்கக் கூடாது என்பது அங்கிள் உத்தரவு. நல்லாக் காய்ந்த விறகெல்லாம் அங்கேதான் இருக்கிறது, ஈர விறகை ஊதி ஊதி என் கண்ணு போச்சு என்று ஆன்ட்டி தினமும் திட்டுகிறார்கள். எங்கள் முன்னாலேயே இரண்டு தடவை திட்டு விழுந்தது. அங்கிள் சிரித்துக்கொண்டே எழுந்து போய் வேறு வீட்டிலிருந்து காய்ந்த விறகு ஒரு கட்டு வாங்கி வந்தார்.

சாப்பாட்டைப் பற்றி எழுதாவிட்டால் பாவம். அடுப்புக்கு மேலே தொங்கவிட்டுப் புகை போட்ட பன்றிக்கறி, அதில் அக்குனி. அக்குனி என்றால் புளிக்க வைத்த சோயா மொச்சை, வாசனை மூக்கைத் துளைக்கும். முதல் வாய்க்குத் தயங்கினேன். மூன்றாவது வாய்க்கு நம் கருவாட்டுக் குழம்பு ஞாபகம் வந்துவிட்டது, பிறகு தட்டைக் கீழே வைக்கவில்லை. காலையில் கால்ஹோ: அரிசியும் கீரையும் கறித்துண்டும் சேர்த்துக் குழைய வேகவைத்த கஞ்சி. குளிருக்கு அதைவிட ஒன்று இருக்க முடியாது. ராஜா மிளகாய்ச் சட்னியை மட்டும் ஊசி முனை அளவு தொட்டுக்கொள்ளுங்கள். காரம் தின்று வளர்ந்த என் நண்பனுக்கே கண்ணில் தண்ணீர் கொட்டியது. மூன்று வேளைச் சாப்பாட்டோடு ஒருவருக்கு ஒரு நாளைக்கு 1,800 ரூபாய் வாங்கினார்கள். எங்கள் பட்ஜெட்டுக்குக் கொஞ்சம் கூடுதல்தான். ஆனால் இதில் ஒரு ரூபாய்கூட எனக்கு வலிக்கவில்லை. டாக்சிக்குக் கொடுத்ததுதான் இன்னமும் உறுத்துகிறது.

நாங்கள் செய்த தப்பு ஒன்று: சனிக்கிழமை போய் இறங்கினோம். ஞாயிற்றுக்கிழமை ஊரே சர்ச்சில். கடை கிடையாது, வண்டி கிடையாது, காட்டுக்கு யாரும் கூட்டிப்போகமாட்டார்கள். லீவு எண்ணி எடுத்துக்கொண்டு வந்தவனுக்கு ஒரு முழு நாள் வீண் என்று காலையில் எனக்கு எரிச்சல். படிக்கட்டுத் தெருக்களில் சும்மா நடந்தேன். கிளைகளை வெட்டி வெட்டி மொட்டைத் தலையாக நிற்கிற ஆல்டர் மரங்களைப் பார்த்தேன். மண்ணுக்குத் தழைச்சத்து கொடுக்கும் என்று நிலத்தில் அவற்றை அப்படியே விட்டுவைத்துத்தான் பயிர் செய்கிறார்கள்.

சர்ச் முடிந்து வந்த அங்கிள் வாசல் பெஞ்சில் உட்கார்ந்தார். நானும் பக்கத்தில் உட்கார்ந்தேன். அடுத்த மூன்று மணி நேரத்தில் அவர் பேசியது பத்து வாக்கியம் இருக்கும். கண் எதையும் தேடவில்லை, காதுதான் வேலை செய்தது. கீழே பள்ளத்தில் பெரிய குக்குறுவான் கத்தியதும் சுண்டுவிரலை அந்தப் பக்கம் நீட்டினார். கொண்டை வைத்த பச்சைக் கொண்டைக்குருவி இரண்டு வந்து பட்டாணிக் கொடியைக் கொத்தின. மகள் விரட்ட எழுந்தாள், அவர் கையை அசைத்து உட்காரவைத்தார். எதிர்ப்பாறை மேல் உழவாரக் குருவிகள் அரிவாள் வீசின மாதிரி சுற்றின. இந்தக் கருங்குண்டி உழவாரன் உலகத்தில் அபூர்வம், பார்ப்பதற்கென்றே வெளிநாட்டுக்காரர்கள் வருகிறார்கள். அவருக்கு அது எதிர்வீட்டுக்காரன்.

இருட்டியதும் வயல் பக்கமிருந்து நாய் குரைத்தது. எனக்கு நாய் என்றுதான் பட்டது. "கேளையாடு" என்றார். நாய் மாதிரியே குரைக்கிற சின்ன மான், மகள் செல்போனில் படம் காட்டிப் புரியவைத்தாள். அவரைச் செடியின் கொழுந்தைத் தின்ன இறங்கி வருகிறதாம். இருபது வருடத்துக்கு முன்னால் இந்தச் சத்தம் ஊருக்குப் பக்கத்தில் கேட்காது, ஒரு நாள் நடந்து போய்த்தான் கேட்க வேண்டும் என்றார். சுட வேண்டும் என்று கை வராதா என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாதோ என்று உடனே தோன்றியது. அவர் கோபப்படவில்லை. "முதல் ரெண்டு வருஷம் தூக்கம் வரல. எழுந்து வந்து இந்த பெஞ்சில உட்காருவேன். அப்புறம் சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வந்துச்சு." மகள் இதை மொழிபெயர்த்துவிட்டு, அப்பா இதுவரை எங்களிடமே சொன்னதில்லை என்றாள்.

திங்கள் விடியுமுன் மூன்றரைக்கு டிராகோபனைத் தேடி ஜீப்பில் மேலே போனோம். ஜீப்புக்கும் வழிகாட்டிக்கும் சேர்த்து 3,000 ரூபாய், இன்னொரு ஜோடியோடு பங்கு போட்டதால் எங்களுக்கு 1,500 ரூபாயோடு போயிற்று. வழிகாட்டி அங்கிளின் தம்பி மகன், அங்கிளும் கூடவே ஏறிக்கொண்டார். மூங்கில் புதர், பனி, கையை நீட்டினால் விரல் தெரியாது. நாலேமுக்காலுக்குச் சரிவின் கீழிருந்து அந்தக் குரல். "ஓ... ஓஆ... ஓஆஆ..." ஒவ்வொன்றும் முந்தினதைவிடப் பெரிதாக ஏறி, யாரோ மலைக்குள்ளிருந்து கூப்பிடுகிற மாதிரி. எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. அங்கிள் இரண்டு விரல் காட்டினார். இரண்டு பறவை. இடது பக்கம் இருப்பது சின்னப் பையன், மூச்சு பத்தவில்லை என்று சைகை செய்தார்.

கூட வந்த ஜோடியில் ஒருவர் பையிலிருந்து ப்ளூடூத் ஸ்பீக்கரை எடுத்தார். பதிவுசெய்த டிராகோபன் குரலைப் போட்டால் அது வெளியே வரும், போட்டோ கிடைக்கும். அங்கிள் ஸ்பீக்கரை உள்ளங்கையால் மூடினார். அவ்வளவு நேரமும் கிசுகிசுவென்றே பேசிய மனிதர், அப்போதும் குரலை உயர்த்தவில்லை. தம்பி மகன் சொன்னான்: "பெரியப்பா வாயாலேயே இந்தக் குரல் கொடுப்பாரு. இன்னொரு சேவல் வந்துடுச்சுன்னு நினைச்சு அது சண்டைக்கு வெளிய வரும். அப்படித்தான் சுட்டாங்க. இப்ப அந்தக் குரலை அவர் கொடுக்கிறதே இல்ல. வேற யாரும் கொடுக்கவும் விடமாட்டாரு." ஸ்பீக்கர்காரர் முகம் சுருங்கியது. செலவு பண்ணி வந்தவருக்கு வருத்தம் இருக்கத்தான் செய்யும். ஆனாலும் அந்த ஸ்பீக்கரை எடுத்தது அசிங்கம், இதில் எனக்கு இரண்டாவது கருத்து இல்லை.

டிராகோபனைப் பார்க்கவில்லை. ஏழு மணி வரை உட்கார்ந்து கேட்டோம். நானூறு போட்டோ எடுக்கும் நண்பன் அன்றைக்குக் கேமரா உறையைத் திறக்கவே இல்லை. இறங்கும்போது, அங்கிள் முகத்தைப் பார்த்தாயா, பேரன் பேச்சைக் கேட்கிற தாத்தா மாதிரி இருந்தார் என்றான்.

செவ்வாய் காலை ஊரிலிருந்து கோகிமாவுக்குப் போகிற வண்டியில் இடம் பிடித்துக் கொடுத்தார்கள், தலைக்கு 150 ரூபாய்தான். ஆன்ட்டி வாழையிலையில் அக்குனி கட்டிக் கொடுத்தார்கள், ரயில் முழுக்க அந்த வாசனையோடுதான் வந்தோம். வாசலுக்கு வந்த வண்டிக்காரர் வழக்கம்போல ஹாரனில் கை வைத்தார். ஒரு தடவைதான் அடித்திருப்பார். உள்ளே டீ குடித்துக்கொண்டிருந்த அங்கிள் வெறுங்காலோடு ஓடிவந்து, ஜன்னல் வழியாகக் கையை விட்டு ஹாரனிலிருந்து அவர் கையை விலக்கினார். பிறகு திரும்பி விறகு அடுக்கின் மூலையைப் பார்த்தார். பூங்குருவி எழுந்திருக்கவில்லை. நாங்கள் வண்டிக் கதவைச் சாத்தாமல் பிடித்துக்கொண்டே முதல் வளைவு வரை போய், அங்கே சாத்தினோம்.