மூன்று அதிகாரமும் மூன்று வசனமும்

எங்கள் சபையில் பயன்படுத்தும் வேதாகமத்தில் பழைய ஏற்பாட்டுக்கு 929, புதிய ஏற்பாட்டுக்கு 260 என மொத்தம் 1189 அதிகாரங்கள் இருக்கின்றன. வார நாட்களில் மூன்று அதிகாரம், ஞாயிற்றுக்கிழமையில் ஐந்து அதிகாரம் என்று வாசித்துக்கொண்டே போனால், ஆதியாகமத்தில் தொடங்கி வெளிப்படுத்தின விசேஷம் வரை ஓராண்டில் முடித்துவிடலாம் என்று ஓய்வுநாள் பள்ளியில் எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தார்கள். கணக்குப் போட்டுப் பார்த்தால் பத்து அதிகாரத்துக்கான இடம் மிச்சமும் இருக்கும். காய்ச்சலில் படுத்துவிட்ட மூன்று நாட்களை அதில் ஈடுகட்டிக்கொள்ளலாம். வேலைக்குப் போகத் தொடங்கிய பிறகு ஒன்பது ஆண்டுகள் நான் இந்தக் கணக்கைத் தவறாமல் கடைப்பிடித்தேன். ஒவ்வோர் அதிகாரத்தை முடித்ததும் அதன் எண்ணுக்குப் பக்கத்தில் பென்சிலால் ஒரு சிறு கோடு போடுவது வழக்கம். ஆண்டு முடியும்போது அந்தக் கோடுகளைப் புரட்டிப் பார்ப்பதில் எனக்கு இருந்த மகிழ்ச்சியை இப்போது நினைத்தால் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது.

வாசித்ததில் என்ன புரிந்தது என்று யாரும் என்னைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. ஜனவரி மாதக் கடைசியில் லேவியராகமம் வந்துவிடும். அதை விடியற்காலை ரயிலில் நின்றுகொண்டே கடந்துவிடுவேன். ஆடு, மாடு, கொழுப்பு, இரத்தம், குஷ்டம், மறுபடியும் ஆடு. எண்ணாகமத்தின் பெயர்ப் பட்டியல்களில் கண் ஓடும், மனம் அலுவலகத்துக்குப் போய்விட்டிருக்கும். அன்றாட வாசிப்பு என்ற ஒழுங்கை நான் குறை சொல்லவில்லை. அந்த ஒழுங்கு இல்லாமல் போயிருந்தால் பல ஆண்டுகள் புத்தகத்தைத் தொட்டிருக்கவே மாட்டேன். ஆனால் அந்த ஒன்பது ஆண்டுகளில் எனக்குக் கிடைத்தது பெரும்பாலும் பரிச்சயம்தான். ஒரு வசனத்தின் முதல் பாதியைக் கேட்டால் மறுபாதியைச் சொல்லிவிடுவேன். அப்படிச் சொல்ல முடிந்ததையே புரிந்துகொண்டதாக எண்ணியிருந்தேன்.

அந்த எண்ணத்தைக் கலைத்தவள் என் அக்காள் மகள். பள்ளி விடுமுறைக்கு வந்திருந்தாள், பத்து வயது. மாலை ஜெபத்தில் அவளை வாசிக்கச் சொன்னோம். மத்தேயு 11ஆம் அதிகாரத்தின் கடைசி மூன்று வசனங்கள், ‘வருத்தப்பட்டுப் பாரஞ்சுமக்கிறவர்களே! நீங்கள் எல்லாரும் என்னிடத்தில் வாருங்கள். நான் உங்களுக்கு இளைப்பாறுதல் தருவேன்’ என்று தொடங்கும் பகுதி. எங்கள் வீட்டுக் கூடத்துச் சுவரிலேயே அந்த வசனம் சட்டம் போட்டுத் தொங்குகிறது. வாசித்து முடித்ததும் அவள் கேட்டாள்: “சித்தி, நான் வருத்தமா இல்லையே, அப்போ இது எனக்கு இல்லையா?” நான் பதில் சொல்ல வாயெடுப்பதற்குள் அடுத்த கேள்வியும் வந்தது: “நுகம் மெதுவாய் இருக்கும்னா, மாடு மெதுவா நடக்கும்னு அர்த்தமா?”

இரண்டு கேள்விக்கும் எனக்குப் பதில் தெரியவில்லை. ஒன்பது கோடுகள் போட்ட அதிகாரம் அது. அன்று இரவு ஆண்டு அட்டவணையை ஓரமாக வைத்துவிட்டு, இந்த மூன்று வசனங்கள் விளங்கும் வரை அடுத்ததற்குப் போவதில்லை என்று முடிவு செய்தேன். மூன்று வாரங்கள் பிடித்தன.

முதலில் ‘வருத்தம்’ என்ற சொல்லை எடுத்துக்கொண்டேன். இன்றைக்கு நம்மில் பலருக்கு அது மனத்துயரம். யாழ்ப்பாணத்துத் தோழி ஒருத்திக்கு அது உடல்நலக் குறைவு. ஆனால் ‘தெய்வத்தான் ஆகா தெனினும் முயற்சிதன் மெய்வருத்தக் கூலி தரும்’ என்ற குறளைப் பள்ளியில் படித்தவர்கள் அங்கே வருத்தம் என்பது உடல் வருந்தி உழைப்பது என்றுதான் பொருள் கொண்டிருப்போம். வேதாகமத்திலும் ஆதியாகமம் 3:17இல் ஆதாமுக்குச் சொல்லப்படும் ‘வருத்தத்தோடே அதின் பலனைப் புசிப்பாய்’ என்ற வரியைத் துயரத்தோடு சாப்பிடுவான் என்று யாரும் விளங்கிக்கொள்வதில்லை. பாடுபட்டுப் பயிர் செய்து சாப்பிடுவான் என்றே அந்த இடம் சொல்கிறது. மத்தேயுவின் வசனத்தில் உள்ள கிரேக்க வினையும் உழைத்துக் களைத்துப்போவதையே குறிக்கிறது. அதே வினைதான் லூக்கா 5:5இல் பேதுருவின் வாயில், ‘இராமுழுதும் நாங்கள் பிரயாசப்பட்டும் ஒன்றும் அகப்படவில்லை’ என்று வருகிறது. ஆகவே அழைக்கப்படுகிறவர்கள் மனம் சோர்ந்தவர்கள் மட்டுமல்லர். வேலை செய்து அலுத்துப்போனவர்கள்.

இதை என் ஆச்சியிடம் யாரும் விளக்கியிருக்கத் தேவையில்லை என்று அப்போது தோன்றியது. தேரிக்காட்டு ஓரத்தில் தாத்தா பனையேறினார். ஆச்சி பதநீர்க் குடத்தைத் தலையில் சுமந்து வந்து, விறகும் சுமந்து வந்து, வெயிலிலும் புகையிலும் நின்று கருப்பட்டி காய்ச்சினார். சுவரில் தொங்கிய அந்த வசனத்தை அவர் எந்தப் பொருளில் வாசித்திருப்பார் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. நாங்கள் படித்து, நாற்காலியில் உட்கார்ந்து வேலை பார்க்கத் தொடங்கிய பிறகுதான் அந்த வசனத்தை மனக்கவலைக்கு மட்டும் மருந்தாக்கிவிட்டோம்.

‘மெதுவாய்’ என்பதும் அப்படித்தான். மெது என்றால் மென்மை. உளுந்து வடையை மெதுவடை என்று சொல்லும்போது அது நிதானமாக வேகும் வடை என்று நாம் நினைப்பதில்லை. கழுத்தை அறுக்காத நுகம், உறுத்தாத நுகம் என்பதுதான் கருத்து. கிரேக்கச் சொல் நல்லது, இதமானது என்ற பொருளுடையது. 1995இல் கத்தோலிக்கரும் பிற சபையாரும் சேர்ந்து வெளியிட்ட பொது மொழிபெயர்ப்பான திருவிவிலியத்தைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது, ‘என் நுகம் அழுத்தாது’ என்று அங்கே இருந்தது. அக்காள் மகளுக்கு அதைக் காட்டியதும் உடனே புரிந்துகொண்டாள்.

அப்படியானால் பழைய மொழிபெயர்ப்பை விட்டுவிட வேண்டியதுதானே என்று சிலர் கேட்கிறார்கள். எனக்கு அதில் உடன்பாடு இல்லை. தரங்கம்பாடியில் சீகன்பால்குவின் புதிய ஏற்பாடு 1715இல் அச்சேறியதிலிருந்து, பப்ரிசியுஸ் பல ஆண்டுகள் உழைத்துச் செப்பனிட்ட மொழிநடை வழியாக, 1871இல் பவர் என்ற மிஷனரியின் குழுவினர் முடித்த, எங்கள் சபையில் இன்றும் வாசிக்கும் பதிப்பு வரை, அந்தத் தமிழுக்கு ஒரு நீண்ட தொடர்ச்சி இருக்கிறது. எங்கள் ஜெபங்களும் கீர்த்தனைகளும் அந்தச் சொற்களில்தான் அமைந்திருக்கின்றன. அதே வேளையில், அந்தத் தமிழ் மட்டுமே வேதம், மற்றவையெல்லாம் கலப்படம் என்று பேசுகிறவர்களோடும் எனக்கு ஒத்துப்போவதில்லை. பழைய பதிப்பின் சிக்கல் அதிலுள்ள கடினச் சொற்கள் அல்ல. கடினச் சொல் வந்தால் நின்று கேட்போம். நமக்குத் தெரிந்ததுபோல் தோன்றும் சொற்கள்தான் ஏமாற்றுகின்றன. அதனால் இப்போது இரண்டு பதிப்புகளையும் அருகருகே வைத்து, எங்கே அவை வெகுவாக வேறுபடுகின்றனவோ அங்கே நிற்கிறேன்.

இரண்டாம் வாரம் ‘இளைப்பாறுதல்’ என்ற சொல்லோடு போனது. பழைய பதிப்பின் அருமை எனக்கு விளங்கிய இடம் அதுதான். இளைப்பு ஆறுதல் என்று பிரித்தால் களைப்புத் தணிவது என்றாகிறது. யோவான் 4:6இல் சமாரியாவின் கிணற்றருகே இயேசு உட்காருவதைச் சொல்லும்போது அதே பதிப்பு, ‘பிரயாணத்தினால் இளைப்படைந்தவராய்’ என்கிறது. அங்கே கிரேக்கத்தில் இருப்பது மத்தேயுவில் ‘வருத்தப்பட்டு’ என்று பெயர்த்த அதே வினை என்று பிறகு அறிந்தேன். இளைப்பாறுதல் தருவேன் என்றவர் நடுப்பகலில் இளைத்துப்போய்க் கிணற்றடியில் உட்கார்ந்து, முன்பின் தெரியாத ஒரு பெண்ணிடம் தண்ணீர் கேட்கிறார். ‘இளைப்பு’ என்ற ஒரே சொல்லால் இந்த இரண்டு இடங்களையும் தமிழ் இணைத்துவைத்திருக்கிறது.

இளைப்பாறுதல் தருவேன் என்ற உடனே நுகத்தை ஏற்றுக்கொள்ளுங்கள் என்று ஏன் சொல்கிறார் என்பது எனக்கு வெகுநாள் உறுத்திய முரண். ஊர்ப்பக்கச் சாலையோரங்களில் இன்னும் சில இடங்களில் நிற்கும் சுமைதாங்கிக் கற்களை நினைத்தபோது அது கொஞ்சம் தெளிந்தது. தலைச்சுமையோடு தனியாக வருகிறவர், இறக்கிவிட யாருமில்லாமலே சுமையை அந்தக் கல்லின்மேல் சாய்த்துவிட்டு மூச்சுவாங்கிக்கொள்வார். பிறகு அதே உயரத்திலிருந்து மறுபடியும் தலைக்கு ஏற்றிக்கொண்டு நடப்பார். கல் சுமையை ஒழித்துவிடுவதில்லை. இந்த உவமை முழுவதும் பொருந்தாது என்பதும் எனக்குத் தெரியும், ஏனென்றால் வசனத்தில் சுமையே மாறுகிறது. மத்தேயு 23:4இல் வேதபாரகரும் பரிசேயரும் சுமப்பதற்கரிய பாரமான சுமைகளைக் கட்டி மனுஷர் தோள்களின்மேல் வைப்பதாக இயேசு குற்றஞ்சாட்டுகிறார். அந்தச் சுமையையும் 11ஆம் அதிகாரத்துச் சுமையையும் சேர்த்து வாசித்தால், வேலையிலிருந்து விடுதலை என்பதைவிட, யாருடைய நுகத்தின்கீழ் வேலை செய்வது என்ற கேள்வியே மேலே வருகிறது.

29ஆம் வசனத்தின் கடைசிப் பகுதியும் இயேசு புதிதாகச் சொன்னது அல்ல. ‘அப்பொழுது உங்கள் ஆத்துமாவுக்கு இளைப்பாறுதல் கிடைக்கும்’ என்பது எரேமியா 6:16இல் உள்ள வரி. பூர்வ பாதைகள் எவையென்று கேட்டு விசாரித்து அதிலே நடவுங்கள் என்று கர்த்தர் சொல்கிறார். அவர்களோ, ‘நாங்கள் அதிலே நடக்கமாட்டோம்’ என்று பதில் சொல்கிறார்கள். எரேமியாவையும் ஒன்பது முறை வாசித்திருக்கிறேன். ஆனால் ஆகஸ்ட் நடுவில் எரேமியாவையும் அக்டோபரில் மத்தேயுவையும் வாசிக்கும் அட்டவணையில் இந்த இரண்டு வரிகளும் சந்தித்துக்கொள்ளவே இல்லை.

அதைவிட எனக்கு வியப்பளித்தது 11ஆம் அதிகாரம் முடியும் இடம். அதிகாரப் பிரிவுகள் மூலநூலில் இருந்தவை அல்ல. 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஸ்டீபன் லாங்டன் என்ற பேராயர் வகுத்த முறையையே இன்றும் பின்பற்றுகிறோம். புதிய ஏற்பாட்டுக்கு இன்றுள்ள வசன எண்களை 1551இல் ராபர்ட் எத்தியென் என்ற அச்சகத்தார் தம் கிரேக்கப் பதிப்பில் சேர்த்தார். எண்களை மறந்துவிட்டு வாசித்தால், இளைப்பாறுதலைப் பற்றிய பேச்சு முடிந்த மறுவரியே, ‘அக்காலத்திலே, இயேசு ஓய்வுநாளில் பயிர் வழியே போனார்’ என்று வருகிறது. சீஷர்கள் பசியால் கதிர்களைக் கொய்து தின்கிறார்கள். பரிசேயர் அதை ஓய்வுநாள் மீறல் என்கிறார்கள். இளைப்பாறுதல் என்று சொல்லிவிட்டு, ஓய்வைக்கூடச் சுமையாக்கிவிட்டவர்களை மத்தேயு அடுத்த காட்சியிலேயே கொண்டுவந்து நிறுத்துகிறார். நான் ஒவ்வோர் ஆண்டும் 11இல் கோடு போட்டுவிட்டுப் புத்தகத்தை மூடியிருக்கிறேன்.

இவ்வளவு தேடியதில் ஒரு பெருமை தலைதூக்கத்தான் செய்தது. நல்லவேளையாக, அதே அதிகாரத்தின் 25ஆம் வசனம் இவைகளை ஞானிகளுக்கும் கல்விமான்களுக்கும் மறைத்துப் பாலகருக்கு வெளிப்படுத்தியதற்காகப் பிதாவை ஸ்தோத்திரிக்கிறது. கேள்வி கேட்டது பத்து வயதுப் பிள்ளை என்பதை நினைத்துக்கொண்டேன். அப்போஸ்தலருடைய நடபடிகளில் வரும் எத்தியோப்பிய மந்திரியும் இரதத்தில் ஏசாயாவை வாசித்துக்கொண்டிருந்தபோது, ‘ஒருவன் எனக்குத் தெரிவிக்காவிட்டால் அது எனக்கு எப்படித் தெரியும்’ என்றுதான் பிலிப்புவிடம் சொன்னார். அவர் வாசித்தது பிலிப்புவின் காதில் விழுந்தது என்றால், வாய்விட்டு வாசித்திருக்கிறார்.

வாய்விட்டு வாசிப்பதைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஆச்சி விரலை வரியின்கீழ் நகர்த்தி, உதடுகள் அசைய முணுமுணுத்தபடி வாசிப்பார். சிறுவயதில் அது எங்களுக்குச் சிரிப்பாக இருந்தது. எழுத்துக்கூட்டி வாசிக்கிறார் என்று நினைத்தோம். ‘இரவும் பகலும் அவருடைய வேதத்தில் தியானமாயிருக்கிற மனுஷன் பாக்கியவான்’ என்ற முதலாம் சங்கீதத்தில் தியானம் என்று பெயர்த்துள்ள எபிரெய வினைக்கு அடிப்படைப் பொருள் முணுமுணுத்தல். ஏசாயா 31:4இல் இரையின்மேல் நின்று சிங்கம் உறுமுவதற்கும், 38:14இல் புறா முனகுவதற்கும் அதே வினைதான். தியானம் என்றால் கண்மூடி மௌனமாயிருப்பது என்று எண்ணியிருந்த எனக்கு, திண்ணையில் உட்கார்ந்து முணுமுணுத்த ஆச்சியின் குரல் மூலமொழிக்கு நெருக்கமாக இருந்திருக்கிறது என்பது சின்ன அதிர்ச்சி. இப்போது நானும் வாய்விட்டுத்தான் வாசிக்கிறேன். வேகமாகப் போக முடிவதில்லை. நாக்கு தடுக்கும் இடத்தில் பெரும்பாலும் கவனிக்க வேண்டிய ஏதோ ஒன்று இருக்கிறது.

விடுமுறை முடிந்து அக்காள் மகள் ஊருக்குப் போய்விட்டாள். இரவு எட்டு மணிக்குத் தொலைபேசியில் சில வசனங்கள் மட்டும் சேர்ந்து வாசிக்கிறோம். நேற்று மத்தேயு 12ஆம் அதிகாரத்தில், தாவீது பசியாயிருந்தபோது தேவசமுகத்து அப்பங்களைப் புசித்த இடத்துக்கு வந்தோம். “அது என்ன அப்பம் சித்தி? எத்தனை இருக்கும்? யாரு சாப்பிடணும்?” என்று கேட்டாள். தேடிப் பார்த்துச் சொல்கிறேன் என்றேன். பன்னிரண்டு அப்பங்கள், ஓய்வுநாள்தோறும் அடுக்க வேண்டும், ஆரோனும் அவன் குமாரரும் பரிசுத்த இடத்தில் புசிக்க வேண்டும். எல்லாம் லேவியராகமம் 24ஆம் அதிகாரத்தில் இருக்கிறது. பக்கத்தைத் திருப்பியபோது, அதிகார எண்ணுக்குப் பக்கத்தில் ஒன்பது பென்சில் கோடுகள் வரிசையாக இருந்தன.