செட் மாத்திரையை எண்ணிய மார்ச் மாதம்

2023 மார்ச் தொடக்கத்தில் பஸ், டீக்கடை, ரேஷன் கடை வரிசை என்று எங்கே போனாலும் இருமல் சத்தம்தான். எங்கள் வட்டாரத்தின் காய்ச்சல் கணக்கை எடுத்துப் பார்த்தால் பிப்ரவரிக்கும் மார்ச்சுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. திண்டுக்கல் மாவட்டத்தில் நூற்பாலைகள் நிறைந்த ஒரு வட்டாரத்தில் சுகாதார ஆய்வாளராக இருக்கிறேன். அந்தக் கணக்கை மேலே அனுப்புகிற ஆட்களில் நானும் ஒருவன்.

கணக்கு மூன்று வழியாக வரும். கிராம சுகாதார செவிலியர் வீடுவீடாகப் போய்க் கேட்டு எழுதுவது எஸ் படிவம். டாக்டர் பார்த்து எழுதுவது பி. ஆய்வகம் உறுதி செய்தது எல். இப்போது எல்லாமே ஐ.ஹெச்.ஐ.பி. என்கிற அரசின் நோய்க் கண்காணிப்பு இணையதளத்தில் நேரடியாக ஏறிவிடுகிறது, காகிதம் இல்லை. ஆனாலும் எங்கள் பேச்சில் இன்னும் எஸ், பி, எல்தான். இந்த மூன்றுக்கும் பொதுவான ஒரு விஷயம் உண்டு: காய்ச்சல்காரர் தானாக வாயைத் திறந்து சொன்னால்தான் எண்ணிக்கை ஏறும்.

அந்த வாரம் டெல்லியில் மத்திய சுகாதார அமைச்சகம் ஒரு எண்ணிக்கை வெளியிட்டது. ஜனவரி முதல் மார்ச் 9 வரை நாடு முழுக்க ஆய்வகத்தில் உறுதியான இன்ஃபுளுயன்சா 3,038. பெரும் பேச்சு எச்3என்2 என்கிற ஃபுளூ வகை பற்றித்தான். கர்நாடகத்தில் ஒருவரும் ஹரியானாவில் ஒருவரும் அதில் இறந்திருந்தார்கள். நம் மாநிலத்தில் மார்ச் 10 அன்று ஒரே நாளில் 1,000 காய்ச்சல் முகாம் என்று அன்றைய சுகாதார அமைச்சர் மா. சுப்பிரமணியன் அறிவித்திருந்தார். எங்கள் வட்டாரத்துக்கும் முகாம்கள் ஒதுக்கினார்கள். பள்ளிச் சிறார்களைப் பார்க்கப் போகும் நடமாடும் மருத்துவக் குழுவின் வண்டியையே எடுத்துக்கொண்டு கிளம்பினோம்.

முகாமுக்கு வந்தவர்களில் பாதிப் பேர் மூட்டுவலிக்காரர்கள். இது எப்போதும் நடப்பதுதான், ஊருக்கு டாக்டர் வந்தால் முதலில் வருவது மூட்டுவலி. காய்ச்சல்காரர்கள் எங்கே என்று கேட்டபோது ஒரு பாட்டி சொன்னார்: "சொன்னா தகரம் அடிச்சிருவீங்கள்ல?" 2020இல் கொரோனா வந்த வீடுகளின் வாசலில் தகரம் அடித்து அடைத்தது மூன்று வருஷம் கழித்தும் அவர் மனசில் இருந்தது. "இது கொரோனா இல்ல பாட்டி, தகரமும் கிடையாது, மாத்திரை மட்டும்தான்" என்று செவிலியர் சொன்னதும் உள்ளே திரும்பி மருமகளைக் கூப்பிட்டார். அந்த வீட்டில் மட்டும் மூன்று பேருக்குக் காய்ச்சல்.

அன்று சாயங்காலம் வட்டார மருத்துவ அலுவலர் மேடத்திடம் உட்கார்ந்து பேசினோம். மக்கள் நம்மிடம் வரவில்லை, சரி, எங்கே போகிறார்கள்? மெடிக்கல் ஷாப்புக்குப் போகிறார்கள். "காய்ச்சலுக்கு ஒரு செட் மாத்திரை குடுங்க" என்று கேட்டால், ஒரு பாராசிட்டமால், ஒரு சளி மாத்திரை, பல கடைகளில் கூடவே ஒரு அசித்ரோமைசின். வைரஸ் காய்ச்சலுக்கு ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று இந்திய மருத்துவச் சங்கம் அந்த மாதமே அறிக்கை விட்டிருந்தது. கடைக்காரர்களும் படித்திருப்பார்கள்.

அதைக் கண்டிக்கப் போனால் கதவு மூடிவிடும். அது மருந்து ஆய்வாளர் வேலை, அவர் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஒதுக்கிவிட்டு, நாங்கள் கடைகளில் ஒன்றே ஒன்று கேட்டோம்: ராத்திரி கடை பூட்டும்போது அன்றைக்கு எத்தனை செட் போனது என்று வாட்ஸ்அப்பில் ஒரு எண் அனுப்புங்கள். பெயர் வேண்டாம், விலாசம் வேண்டாம். எந்தத் தெருக்காரர்கள் அதிகம் வருகிறார்கள் என்று தோன்றினால் அதையும் சொல்லுங்கள். முதலில் தயங்கினார்கள். ஒரு கடைக்காரர் ஆரம்பித்ததும் மற்றவர்களும் அனுப்பினார்கள். சில பேர் சும்மா குத்துமதிப்பாக அனுப்பியதும் எங்களுக்குத் தெரியும். பரவாயில்லை, ஏறுகிறதா இறங்குகிறதா என்று காட்டினால் போதும்.

இரண்டாவது ராத்திரியே ஒரு விஷயம் தெரிந்துவிட்டது. பைபாஸ் ஓரத்துக் கடை ஒன்றில் மட்டும் எண் மற்ற கடைகளைப் போல் பல மடங்கு. அந்தக் கடைக்குப் பக்கத்தில் குடியிருப்பே கிடையாது. இருப்பது ஒரு நூற்பாலை, அதன் பெண்கள் விடுதி.

மில்லுக்குள் போவது அவ்வளவு சுலபமில்லை. வாசலில் உட்காரவைத்தார்கள், மேனேஜர் மீட்டிங்கில் இருக்கிறார் என்றார்கள். 1939ஆம் வருஷத்துப் பொதுச் சுகாதாரச் சட்டம் எங்களுக்கு நிறைய அதிகாரம் தருகிறது, நோட்டீஸ் கொடுக்கலாம். நான் பையிலிருந்து அந்த நோட்டீஸ் புத்தகத்தை எடுத்து மேஜை மேல் வைத்தேனே தவிர எழுதவில்லை. கொஞ்ச நேரத்தில் மீட்டிங் முடிந்துவிட்டது.

விடுதியில் ஒடிசா, ஜார்க்கண்ட் பெண்கள் பாதி, தென் மாவட்டத்துப் பெண்கள் பாதி. வார்டன், "இங்க யாருக்கும் காய்ச்சல் இல்ல சார், கேட்லயே கன் வெச்சுப் பாக்கிறோம்" என்றார். கொரோனா காலத்து நெற்றிக் கருவி. அது வேலை செய்ததும் உண்மை, அதில் யாருக்கும் காய்ச்சல் காட்டாததும் உண்மை. ஷிப்டுக்குப் போவதற்கு முன்னால் பாராசிட்டமால் போட்டுக்கொண்டால் கேட்டில் எப்படிக் காட்டும்? இருமலைக் கேட்டால், "பஞ்சு மில்லுல இருமாம யார் சார் இருக்கா?" என்றார். அதுவும் நியாயம். பஞ்சுத் தூசியில் வேலை செய்கிறவர்களுக்கு இருமல் வருஷம் முழுக்க உண்டு. 38 டிகிரிக்கு மேல் காய்ச்சலும் இருமலும் சேர்ந்து, பத்து நாளுக்குள் தொடங்கியிருந்தால் ஃபுளூ மாதிரியான நோய் என்று எடுத்துக்கொள் என்கிறது எங்கள் வரையறை. இங்கே காய்ச்சல் மாத்திரைக்குள் ஒளிந்திருந்தது, இருமல் பஞ்சுக்குள் ஒளிந்திருந்தது.

முதலுதவி அறையில் மாத்திரை நோட்டைக் கேட்டு வாங்கினோம். பாராசிட்டமால் வாங்கினவர் பெயர், அறை எண், கையெழுத்து எல்லாம் ஒழுங்காக இருந்தது. பக்கம் பக்கமாகப் புரட்டினால் முதலில் ஒரே ஒரு அறை, பிறகு அதே வரிசையில் பக்கத்து அறைகள், பிறகு மாடி. கிருமி நடந்துபோன வழி அந்த நோட்டில் பேனாவால் எழுதியிருந்தது. யாருக்கு, எங்கே, எப்போது காய்ச்சல் என்று வரிசையாக எழுதும் லைன் லிஸ்டை நாங்கள் தயாரிக்கவே தேவையில்லாமல் போய்விட்டது, அந்த அறை எண்களை அப்படியே எடுத்துக்கொண்டோம்.

அறைக்குள் போனால் இரண்டடுக்குக் கட்டில்கள், ஜன்னல் எல்லாம் மூடி. கொசுவுக்காக என்றார்கள், வெளியாட்கள் பார்ப்பார்கள் என்பதற்காகவும் என்றார்கள். மேல் கட்டிலில் போர்த்திக்கொண்டு ஒரு ஒடியாப் பெண், பத்தொன்பது வயசிருக்கும். ரத்தத்தில் ஆக்சிஜன் எவ்வளவு என்று காட்டும் ஆக்சிமீட்டரை விரலில் மாட்டினால் 86 காட்டியது, ரொம்பக் குறைவு. செவிலியர் பதறவில்லை, அந்தப் பெண்ணின் விரலைத் திருப்பிப் பார்த்தார். நகத்தில் கருநீலப் பாலிஷ். இன்னொரு விரலில் கொஞ்சம் உரிந்திருந்தது, அதில் மாட்டினால் 97. அதற்குப் பிறகு ஒவ்வொரு அறையிலும் முதலில் நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் மாட்டினோம். காய்ச்சல் முகாமுக்குப் போகும் பையில் இப்போது அசிட்டோன் பாட்டில் ஒன்றும் இருக்கிறது.

எல்லோருக்கும் டெஸ்ட் எடுப்பீர்களா என்று மேனேஜர் கேட்டார். கிடையாது. ஓரிடத்தில் கும்பலாகக் காய்ச்சல் வந்தால் புதிதாகக் காய்ச்சல் கண்ட சிலரிடம் மட்டும் எடுத்து, அது என்ன கிருமி என்று தெரிந்துகொண்டால் போதும். மற்றவர்களை அறிகுறியை வைத்தே கவனிக்கலாம். மூச்சுத்திணறல், நெஞ்சுவலி, சளியில் ரத்தம், குழப்பமான பேச்சு என்று இருந்தால்தான் ஆளை அட்மிட் செய்து கட்டாயம் டெஸ்ட். சாதாரணக் காய்ச்சல், இருமலுக்கு வீட்டில் ஓய்வு. இப்படி லேசானதிலிருந்து கடுமையானது வரை நோயாளிகளை ஏ, பி, சி என்று பிரித்திருக்கிறார்கள். இது 2009 பன்றிக்காய்ச்சல் காலத்திலிருந்து நடைமுறையில் இருக்கிறது. ஸ்வாபுக்குப் பஞ்சுக் குச்சி கூடாது, செயற்கை இழைக் குச்சிதான். எடுத்ததும் வைரஸ் கெடாமல் காக்கும் திரவம் உள்ள வி.டி.எம். குழாயில் போட்டு, ஐஸ் பேக் வைத்த கேரியரில், 2 முதல் 8 டிகிரிக்குள் கொண்டுபோக வேண்டும். டெங்குக்கும் கூடவே ரத்தம் எடுத்தோம், நம் ஊரில் எந்தக் காய்ச்சலையும் டெங்கு இல்லை என்று பார்த்துவிட்டுத்தான் நகர முடியும். டெங்கு இல்லை. கொரோனாவும் இல்லை. எச்3என்2.

பெயர் தெரிந்ததும் வேலை முடிந்துவிடவில்லை, அப்போதுதான் முக்கியமான சண்டை ஆரம்பித்தது. காய்ச்சல் உள்ள பெண்களைத் தனியாக ஒரு ஹாலில் ஐந்து நாள் படுக்கவைக்க வேண்டும் என்றோம். கேன்டீனை ஒட்டிய ஹால் காலியாக இருந்தது, அதைத் தர ஒத்துக்கொண்டார்கள். ஹாலுக்கு வரத்தான் பெண்கள் ஒத்துக்கொள்ளவில்லை. காரணம் கேட்டால் தலைகுனிந்து நின்றார்கள். ஒடியா தெரிந்த ஒரு சூப்பர்வைசர் பெண்தான் கேட்டுச் சொன்னார்: லீவு போட்டால் அன்றைய சம்பளம் போகும், மாசம் முழுக்க வந்தால் கிடைக்கிற வருகை போனஸும் போகும்.

தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ. இருக்கிறதே என்று மேனேஜர் சொன்னார். இருக்கிறது. நோய்க்கால உதவித்தொகை சம்பளத்தில் 70 சதவீதம், வருஷத்துக்கு 91 நாள் வரை. ஆனால் முதல் இரண்டு நாள் காத்திருப்பு, அதற்குப் பணம் கிடையாது. ஐந்து நாள் படுத்தால் மூன்று நாளுக்குத்தான் வரும், அதுவும் முக்கால் பங்குக்குக் குறைவாக. புதிதாகச் சேர்ந்த பெண்களுக்குப் போதுமான சந்தா நாள் இல்லாததால் அதுவும் இல்லை. அந்தப் பெண்ணின் இடத்தில் நான் இருந்தாலும் மாத்திரையைப் போட்டுக்கொண்டு ஷிப்டுக்குத்தான் போயிருப்பேன்.

மேடம் ஒரு கணக்குப் போட்டுக் காட்டினார். காய்ச்சல் வருவதற்கு முந்தின நாளே தொற்று ஆரம்பிக்கும், பிறகு ஐந்து ஏழு நாள் பரப்பும். ஒருவர் வந்து நின்றால் அவர் மிஷின் வரிசையில் அடுத்த வாரம் எத்தனை பேர் படுப்பார்கள்? நூல் சுற்றும் ஸ்பிண்டில் நூறு சும்மா நின்றால் என்ன நஷ்டம்? சம்பளம் கொடுப்பது லாபமா, மிஷின் நிற்பது லாபமா? கொரோனா பேச்சு, சமூகப் பொறுப்புப் பேச்சு எதற்கும் அசையாத மேனேஜர் இதற்கு அசைந்தார். "ஹாலில் படுப்பவர்களுக்கு வருகை போனஸை வெட்ட மாட்டோம், மூன்று நாள் சம்பளம் கொடுப்போம்" என்றார். ஐந்து கேட்டோம், மூன்றோடு நின்றார். அன்று மத்தியானமே ஹால் நிரம்பிவிட்டது. நேற்று வரை காய்ச்சலே இல்லாத விடுதி!

அதோடு நாங்கள் கேட்டதெல்லாம் சின்னச் சின்ன விஷயம். பகலில் ஜன்னல் திறக்க வேண்டும், ஜன்னலுக்குக் கொசுவலை அடித்துக் கொடுத்தார்கள். பக்கத்துப் பக்கத்துக் கட்டில்களில் தலைமாடு கால்மாடாக மாற்றிப் படுக்க வேண்டும். தண்ணீர்ப் பானைக்கு ஒரே டம்ளர் என்பதை நிறுத்த வேண்டும். கபசுரக் குடிநீரும் காய்ச்சிக் கொடுத்தோம், பெண்கள் முகம் சுளித்துக்கொண்டு குடித்தார்கள்.

உண்மையில் எனக்குப் பயம் இருபது வயசுப் பெண்களைப் பற்றி இல்லை. அவர்கள் நாலு நாளில் எழுந்துவிடுவார்கள். கேன்டீனில் சமைக்கிற அம்மாக்கள், வாட்ச்மேன் தாத்தாக்கள், தினமும் ஊருக்குத் திரும்பிப் போகிறவர்கள், அவர்கள்தான் கவலை. இங்கே எங்களுக்கு ஒரு வசதி இருந்தது. 2021இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் சர்க்கரை, ரத்த அழுத்தம் உள்ளவர்களின் பட்டியல் தன்னார்வலர்கள் கையில் ஏற்கெனவே இருக்கிறது. கர்ப்பிணிகளின் பட்டியல் செவிலியரிடம் இருக்கிறது. இரண்டையும் வைத்துக்கொண்டு, மாத்திரை கொடுக்கப் போகும்போதே "காய்ச்சல் வந்தால் அன்றைக்கே சொல்லுங்கள், மூன்று நாள் பார்க்காதீர்கள்" என்று சொல்லச் சொன்னோம். ஃபுளூ வைரஸுக்கான மருந்து ஓசெல்டாமிவிர், காய்ச்சல் தொடங்கி 48 மணி நேரத்துக்குள் ஆரம்பித்தால்தான் நன்றாக வேலை செய்யும். பெரியவர்களுக்கு 75 மில்லிகிராம், காலை மாலை, ஐந்து நாள். கேன்டீன் அம்மா ஒருவரை இப்படித்தான் தன்னார்வலர் கண்டுபிடித்தார். சர்க்கரை, காய்ச்சல், மூச்சு வாங்குகிறது, பாலிஷ் இல்லாத விரலிலேயே 89. 108இல் ஏற்றி மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினோம். ஆக்சிஜனோடு ஒரு வாரம் இருந்து திரும்பி வந்தார்.

பள்ளிக்கூடங்கள் வேறு கதை. மார்ச் 13இல் பிளஸ் டூ தேர்வு தொடக்கம். புதுச்சேரியில் சின்ன வகுப்புகளுக்குப் பள்ளிகளை மூடினார்கள், இங்கே மூடவில்லை. தேர்வு எழுதுகிற பிள்ளை காய்ச்சலைச் சொல்லுமா? சொல்லாது, பெற்றோரும் சொல்ல மாட்டார்கள். அதனால் "காய்ச்சல் இருந்தாலும் தேர்வு எழுதலாம், யாரையும் திருப்பி அனுப்ப மாட்டார்கள், மாஸ்க் கேளுங்கள், ஜன்னல் ஓரமாக உட்காரவைக்கச் சொல்லுங்கள்" என்று தலைமையாசிரியர்களிடம் பேசி முன்கூட்டியே சொல்லவைத்தோம். மாஸ்க் கேட்டு வந்தார்கள்.

மாசக் கடைசியில் கடைகளின் எண் இறங்க ஆரம்பித்தது. பைபாஸ் கடையில் முதலில் இறங்கியது. மேலிடத்துத் தளத்தில் எங்கள் வட்டாரத்தின் காய்ச்சல் அந்த மாதம் திடீரென்று ஏறியதாகத் தெரிந்ததால் விளக்கம் கேட்டு ஒரு கடிதமும் வந்தது. நன்றாக எண்ணினால் இதுதான் பரிசு. மேடம் நாலு வரியில் பதில் எழுதி அனுப்பினார்.

ஃபுளூ தடுப்பூசி தேசியத் தடுப்பூசி அட்டவணையில் இல்லை, வெளியே போட்டால் ஊசிக்கு ஆயிரம் ரூபாய்க்கு மேல் ஆகும். கிருமி மாறிக்கொண்டே இருப்பதால் வருஷா வருஷம் போட வேண்டும். நம் பக்கம் வடகிழக்குப் பருவமழையோடு ஃபுளூ இன்னொரு முறை ஏறும், அதற்கு முன்னால் போட்டுவிட்டால் நல்லது. மில் நிர்வாகத்திடம் இதைச் சொன்னபோது அலுவலக ஊழியர்களுக்கு மட்டும் போட்டார்கள். விடுதிக்கும் கேன்டீனுக்கும் கேட்டோம், பட்ஜெட் இல்லை என்றார்கள். குறைந்தபட்சம் சர்க்கரை உள்ள சமையல்காரர்களுக்காவது என்று பெயர்ப்பட்டியல் எழுதிக் கொடுத்திருக்கிறோம். கடைக்காரர்கள் வாட்ஸ்அப் குழுவில் இன்னும் ராத்திரி எண் அனுப்புகிறார்கள், இரண்டு பேர் மட்டும் எண்ணுக்குப் பதில் குட்நைட் படம் அனுப்புகிறார்கள்.