சோனி ஹெட்போனா, போஸ் ஹெட்போனா?

சோமனூர்ப் பக்கம் குடியிருக்கிறவர்கள் ஹெட்போன் வாங்க விமர்சன வீடியோ பார்த்துப் பயனில்லைங்க. வீடியோ போடுகிறவர்கள் விமானத்தில் சோதிக்கிறார்கள். நமக்குச் சுவரை ஒட்டியே விசைத்தறி.

வெளிச்சத்தத்தை மைக்கில் வாங்கி, அதற்கு நேரெதிரான அலையை உள்ளே விட்டு அமுக்குவதுதான் இரைச்சல் நீக்கம். மின்விசிறி, பஸ் இன்ஜின் மாதிரி சீரான, தாழ்ந்த ஒலியில் அது கில்லாடி. தறிச்சத்தம் வேறு. மோட்டார் உறுமல் காணாமல் போகும். குறுக்கு நூலோடு ஓடும் நாடா மோதும் 'டடக் டடக்' மட்டும் மெலிதாக வந்துகொண்டே இருக்கும். அதைத் தடுப்பது காதை முழுசாக மூடும் மெத்தைதான்.

சோனியின் எக்ஸ்எம்5 மாடலில் சார்ஜ் 30 மணி நேரம் நிற்கும், முதலில் வந்த போஸ் அல்ட்ரா மாடலில் 24 மணி நேரம். ஆனால் எக்ஸ்எம்5 மடங்காது! ஈரோடு பாசஞ்சரில் டிபன் பாக்ஸோடு திணித்துப் போகிறவனுக்கு அது சரிப்படாது. 2025இல் வந்த எக்ஸ்எம்6 மடங்குகிறது, விலைதான் இறங்கமாட்டேன் என்கிறது.

கோவையில் சோனி, போஸ் இரண்டையும் மாட்டிப் பார்த்தேன். கண்ணாடி போட்ட என் காதுக்குப் போஸ் இறுக்கவே இல்லை. அதனால் போஸ்தான்.

"அந்தக் காசுக்கு ஒரு கன்னுக்குட்டி புடிச்சரலாம் மாப்ள" என்கிறார் மாமா. யாராவது தள்ளுபடி பார்த்தால் சொல்லுங்க.