சீட்டித் துணியின் சிவப்பைத் தேடி வந்தவர்கள்

புதுச்சேரியிலிருந்து கப்பலேறிய சீட்டித் துணியை, அதாவது வண்ணச் சித்திரம் தீட்டிய பருத்தித் துணியை, துவைத்தாலும் சிவப்பு போகாது. அச்சிட்ட, தீட்டிய பருத்தித் துணிக்கு 1686 முதல் 1759 வரை பிரான்சில் தடை. அந்தத் தடைக்காலத்திலேயே அதன் நுட்பத்தை அறிய பிரெஞ்சுக்காரர்கள் இங்கே ஆளனுப்பினார்கள்.

துணியில் சித்திரம் எழுதுபவர் கையைப் பார்த்துக்கொண்டே இருந்தாலும் இந்த நுட்பம் பிடிபடாது. ஏனென்றால் அவர் சிவப்பைத் தீட்டுவதே இல்லை. அவர் தீட்டுவது படிகார நீர். அதற்கு நிறம் கிடையாது. தீட்டிய இடம் கண்ணுக்குத் தெரியவே பதங்க மரக்கட்டையின் சிவப்புச் சாறு கொஞ்சம் சேர்ப்பார்கள். பிறகு சாயவேரோடு (இம்பூரல்) கொதிக்க வைக்கும்போது படிகாரம் பட்ட இடத்தில் மட்டும் சிவப்பு நிலைத்துப் பிடிக்கும்.

1730களில் இங்கு வந்த கடற்படை அதிகாரி பொல்யூ இதற்குச் சரியான வழி கண்டார். ஒவ்வொரு கட்டம் முடிந்ததும் துணியில் ஒரு துண்டு வெட்டி எடுத்துக் குறிப்போடு வைத்தார். மொத்தம் 11 துண்டுகள். இன்றும் பாரிஸில் இருக்கின்றன. 1742-இல் கடிதம் எழுதிய சேசு சபைப் பாதிரியார் கெர்தூ வேறு வழியில் போனார். புதிதாக ஞானஸ்நானம் பெற்றிருந்த சாயத் தொழிலாளிகளைத் தனித்தனியே, வெவ்வேறு நேரத்தில் விசாரித்து, பதில்களை ஒத்துப்பார்த்தார். இருவரில் பொல்யூவின் வழியே மேல் என்பேன். சொல்பவர் விட்டுவிட்டதையும் துணி காட்டிக்கொடுக்கும்.

முதல் வேலை கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் துணியை ஊறவைப்பது. பாலின் கொழுப்பு இல்லாவிட்டால் தீட்டிய கோடு பரவிவிடும். கடுக்காயின் துவர்ப்பு இரும்பு நீரோடு சேர்ந்தால் கறுப்பு. படிகாரம் காய்ந்தபின் மிச்சத்தை நன்றாக அலச வேண்டும். அரைகுறையாக அலசினால் வெள்ளையாக இருக்க வேண்டிய இடமும் சிவக்கும். நன்றாக அலசினாலும் வெள்ளைப் பரப்பில் லேசான நிறம் ஒட்டும். ஆட்டுப்புழுக்கை கரைத்த நீரில் நனைத்து வெயிலில் போட்டு அதை வெளுப்பார்கள்.

நீலத்துக்கு முறையே வேறு. நீலம் வேண்டாத இடமெல்லாம் தேன்மெழுகு பூசி, துணியை அவுரித் தொட்டியில் முக்குவார்கள். தொட்டி சூடானால் மெழுகு உருகிவிடும். அதனால் தகரை விதை போட்டுச் சூடில்லாமல் புளிக்க வைப்பார்கள். நீலத்தின் மேல் மஞ்சள் பூசினால் பச்சை. அந்த மஞ்சள்தான் சீக்கிரம் மங்கும்.

சாயவேர் ஐரோப்பாவில் விளையாது. ஆனால் அதிலுள்ள அலிசரின் என்ற சிவப்புச் சாயப்பொருள் அங்கே மாடர் (madder) என்ற செடியின் வேரிலும் உண்டு. அதை வைத்தே கம்பளிக்குச் சிவப்பேற்றிவந்தார்கள். அவர்கள் இங்கே தேடி வந்தது, படிகாரத்தைப் பருத்தியின் மேல் கோடு கோடாகத் தீட்டி வேண்டிய இடத்தில் மட்டும் நிறம் பிடிக்கச் செய்யும் வழி.